ஓய்வுநிலை வளர்சிதைமாற்ற வீதம்

ஓய்வுநிலை வளர்சிதைமாற்ற வீதம் என்பது, விழித்திருக்கும் ஒருவர் உடலை அசைக்காமல் அமைதியாக ஓய்வெடுக்கும்போது, உயிர் வாழ்வதற்கான அடிப்படை வேலைகளுக்காக அவரது உடல் செலவிடும் ஆற்றலின் அளவு ஆகும். இது பொதுவாக ஒரு நாளுக்கு இத்தனை கிலோகலோரி என்று குறிக்கப்படுகிறது. ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூலுக்குச் சமம். வளர்சிதைமாற்றம் என்ற சொல்லுக்கு ஈடாக இலங்கைப் பாடநூல்களில் அனுசேபம் என்ற சொல் வழங்குகிறது.

ஒருவர் ஒரு நாளில் செலவிடும் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 60 முதல் 75 விழுக்காடு இந்த ஓய்வுநிலைச் செலவாகவே அமைகிறது. உண்ட உணவைச் செரித்து, உட்கவர்ந்து, சேமிப்பதற்கு சுமார் 10 விழுக்காடு ஆகிறது. இது உணவின் வெப்ப விளைவு எனப்படும். எஞ்சியது நடத்தல், நிற்றல், வேலை செய்தல், உடற்பயிற்சி போன்ற உடலியக்கங்களுக்குச் செல்கிறது. எனவே ஒருவருக்கு எவ்வளவு உணவு தேவை என்று கணக்கிடும் எந்த முறையும் ஓய்வுநிலை வீதத்திலிருந்தே தொடங்குகிறது. இந்தத் தொடக்க எண் பிழையானால் அதன் மேல் கட்டப்படும் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். ஆகவே அந்த எண் வாய்பாட்டின் மூலம் கணிக்கப்பட்டதா, கருவியால் அளக்கப்பட்டதா என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

ஓய்விலும் நடக்கும் வேலைகள்

உடல் அசையாமல் இருக்கும்போதும் அதன் உள்ளே வேலை நிற்பதில்லை. இதயம் துடிக்கிறது, நுரையீரல் விரிந்து சுருங்குகிறது, சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டுகின்றன, கல்லீரல் குளுக்கோசை உருவாக்கி இரத்தத்தில் சேர்க்கிறது. ஒவ்வொரு செல்லும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் பம்புகளை இடைவிடாமல் இயக்குகிறது. பழைய புரதங்கள் சிதைக்கப்பட்டுப் புதியவை கட்டப்படுகின்றன. இவை அனைத்துக்கும் ஏடிபி என்னும் மூலக்கூறு ஆற்றல் தருகிறது. அந்த ஏடிபியை உருவாக்க மாவுச்சத்தும் கொழுப்பும் சிறிதளவு புரதமும் ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிக்கப்படுகின்றன. இந்த ஆற்றல் இறுதியில் வெப்பமாக வெளியேறுகிறது.

உறுப்புகள் எல்லாம் சம அளவில் ஆற்றலைச் செலவிடுவதில்லை. ஒரு கிலோகிராம் எடைக்கு ஒரு நாளில் ஆகும் செலவு தோராயமாகப் பின்வருமாறு மதிப்பிடப்பட்டுள்ளது:

- இதயம், சிறுநீரகம்: 440 கிலோகலோரி
- மூளை: 240 கிலோகலோரி
- கல்லீரல்: 200 கிலோகலோரி
- ஓய்விலிருக்கும் எலும்புத்தசை: 13 கிலோகலோரி
- கொழுப்புத் திசு: 4.5 கிலோகலோரி

70 கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆணின் உடலில் மூளை, இதயம், கல்லீரல், சிறுநீரகங்கள் ஆகிய நான்கும் சேர்ந்து 4 கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவான எடையே உள்ளவை. ஆயினும் ஓய்வுநிலைச் செலவில் பாதிக்கு மேல் இவற்றுக்கே செல்கிறது. அத்தகைய ஒருவரின் ஓய்வுநிலை வீதம் ஏறக்குறைய 1680 கிலோகலோரி. இதை மின்திறனாக மாற்றினால் சுமார் 80 வாட் வரும்.

அடிப்படை வீதமும் ஓய்வுநிலை வீதமும்

அடிப்படை வளர்சிதைமாற்ற வீதம், ஓய்வுநிலை வளர்சிதைமாற்ற வீதம் ஆகிய இரண்டும் பெரும்பாலும் ஒரே பொருளில் பயன்படுத்தப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு அளக்கும் சூழலைப் பொறுத்தது. அடிப்படை வீதத்தை அளக்க, இரவு முழுவதும் தூங்கி எழுந்தவர் படுக்கையை விட்டு எழாமல், 12 மணி நேரம் உண்ணாமல், குளிரோ வெப்பமோ தாக்காத அறையில், உடலும் மனமும் அமைதியாக இருக்கும் நிலையில் இருக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் ஆய்வகத்திலேயே இரவு தங்க வேண்டியிருக்கும்.

ஓய்வுநிலை வீதத்துக்கு இத்தனை கண்டிப்பு இல்லை. காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு ஆய்வகத்துக்கு வந்து, சிறிது நேரம் ஓய்வெடுத்த பின் அளக்கலாம். எனவே இது அடிப்படை வீதத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, சில வேளைகளில் 10 விழுக்காடு வரை உயர்ந்து இருக்கும். மருத்துவமனைகளிலும் உணவியல் நிலையங்களிலும் நடைமுறையில் அளக்கப்படுவது ஓய்வுநிலை வீதமே.

வரலாறு

உயிரினங்களின் சுவாசமும் விறகு எரிவதும் ஒரே வகை வேதிவினை என்பதை 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு வேதியியலாளர் அந்துவான் லவாய்சியர் நிறுவினார். 1780களின் தொடக்கத்தில் அவரும் கணிதவியலாளர் லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, உருகிய பனிக்கட்டியின் அளவிலிருந்து அதன் உடல் வெளியிட்ட வெப்பத்தைக் கணக்கிட்டனர். பின்னர் லவாய்சியரும் அவருடைய உதவியாளர் செகெனும் மனிதர் உள்ளிழுக்கும் ஆக்சிஜனை அளந்தனர். உணவு உண்டபின்னும், குளிரிலும், உடல் உழைப்பின்போதும் ஆக்சிஜன் பயன்பாடு கூடுவதை அவர்கள் கண்டனர். சோதனைக்கு முன் உண்ணாமலும் அசையாமலும் இருக்க வேண்டும் என்ற இன்றைய விதிகளின் வேர் இந்தக் கண்டுபிடிப்பிலேயே உள்ளது.

1919இல் அமெரிக்காவின் ஆர்தர் ஹாரிசும் பிரான்சிஸ் பெனடிக்டும் 136 ஆண்கள், 103 பெண்கள் ஆகியோரின் அளவீடுகளைக் கொண்டு, எடை, உயரம், வயது ஆகியவற்றிலிருந்து அடிப்படை வீதத்தைக் கணிக்கும் வாய்பாட்டை வெளியிட்டனர். அது நூறாண்டுகளுக்குப் பின்னும் பயன்பாட்டில் உள்ளது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த அளவீடு தைராய்டு நோயைக் கண்டறியும் முதன்மைச் சோதனையாக இருந்தது. தைராய்டு சுரப்பு கூடினால் வீதம் உயரும், குறைந்தால் தாழும். பிற்காலத்தில் தைராய்டு ஹார்மோன்களை இரத்தத்திலேயே அளக்கும் சோதனைகள் வந்தபின் இந்தப் பயன்பாடு மறைந்தது.

வீதத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்

கொழுப்பற்ற எடை: ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குவது இதுவே. உடல் எடையிலிருந்து கொழுப்பின் எடையைக் கழித்தால் கிடைப்பது கொழுப்பற்ற எடை. உள்ளுறுப்புகள், தசை, எலும்பு, நீர் ஆகியவை இதில் அடங்கும்.

பால்: ஒரே எடையுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் பெண்ணின் வீதம் பொதுவாகக் குறைவாக இருக்கும். பெண்களின் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாகவும் கொழுப்பற்ற எடை குறைவாகவும் இருப்பதே இதன் முதன்மைக் காரணம்.

வயது: முப்பது வயதைத் தாண்டியதும் வளர்சிதைமாற்றம் மந்தமாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 2021இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, 29 நாடுகளைச் சேர்ந்த, பிறந்து எட்டு நாளான குழந்தைகள் முதல் 95 வயது முதியோர் வரை 6,400க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை ஆராய்ந்தது. உடலின் அளவையும் கட்டமைப்பையும் கணக்கில் கொண்டால், 20 வயது முதல் 60 வயது வரை வீதம் ஏறக்குறைய மாறாமல் இருப்பதையும், 60க்குப் பின் ஆண்டுக்குச் சுமார் 0.7 விழுக்காடு குறைவதையும் அது காட்டியது. அதே கணக்கில், ஒரு வயதுக் குழந்தையின் வீதம் பெரியவர்களைவிடச் சுமார் 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நடுவயதில் எடை கூடுவதற்கு உடலியக்கம் குறைவதும், உண்ணும் அளவு கூடுவதும், தசை இழப்பும் காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

நோய்நிலை: உடல் வெப்பநிலை 1 டிகிரி செல்சியசு உயர்ந்தால் வீதம் 10 முதல் 13 விழுக்காடு வரை உயர்கிறது. காய்ச்சலில் பல நாட்கள் கிடந்தவர் மெலிந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். கடுமையான தீக்காயம் பட்டவர்களின் வீதம் இயல்பைப் போல் இரு மடங்கு வரை உயரக்கூடும்.

பிற காரணிகள்: கருவுற்ற காலத்தில் வீதம் உயர்கிறது. மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பாதியில் சற்றுக் கூடுகிறது. காபியில் உள்ள காஃபீனும் புகையிலையில் உள்ள நிக்கோட்டினும் சில மணி நேரத்துக்கு அதை உயர்த்துகின்றன. நீண்ட நாள் பட்டினி அதைக் குறைக்கிறது.

வாய்பாடுகளின் மூலம் கணித்தல்

பெரும்பாலானோர் தம் ஓய்வுநிலை வீதமாக அறிந்திருப்பது வாய்பாடு தந்த எண்ணையே. இன்று பெரிதும் பரிந்துரைக்கப்படும் வாய்பாடு 1990இல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜியோர் வாய்பாடு ஆகும். இது 498 பேரின் அளவீடுகளிலிருந்து உருவாக்கப்பட்டது.

ஆண்கள்: (10 × எடை) + (6.25 × உயரம்) − (5 × வயது) + 5

பெண்கள்: (10 × எடை) + (6.25 × உயரம்) − (5 × வயது) − 161

எடை கிலோகிராமிலும், உயரம் சென்டிமீட்டரிலும், வயது ஆண்டுகளிலும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 32 வயதும் 60 கிலோகிராம் எடையும் 155 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பெண்ணுக்கு 600 + 968.75 − 160 − 161, அதாவது ஏறக்குறைய 1248 கிலோகலோரி என வரும்.

இந்த எண் அந்தக் குறிப்பிட்ட பெண்ணுக்கு உரியது அன்று. அவரைப் போன்ற வயதும் எடையும் உயரமும் உள்ள பலரின் சராசரி அது. உடல் பருமன் இல்லாதவர்களில் பத்தில் ஏழு அல்லது எட்டுப் பேருக்கு இவ்வாய்பாடு உண்மையான அளவீட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்குள் நிற்கிறது. மற்றவர்களுக்கு அதைவிடவும் விலகுகிறது. 10 விழுக்காடு என்று கொண்டாலே, மேற்கண்ட பெண்ணின் உண்மை வீதம் 1123 முதல் 1373 வரை எங்கும் இருக்கலாம். இந்த இரு எல்லைகளுக்கும் இடையே உள்ள 250 கிலோகலோரி என்பது ஏறக்குறைய 190 கிராம் சோற்றின் ஆற்றல் ஆகும்.

கொழுப்பற்ற எடையை அடிப்படையாகக் கொண்ட வாய்பாடுகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று: 370 + (21.6 × கொழுப்பற்ற எடை). தசை மிகுந்த விளையாட்டு வீரர்களுக்கு இவ்வகை பொருத்தமானது. ஆனால் கொழுப்பற்ற எடையைச் சரியாக அளந்திருந்தால்தான் இதன் விடையும் சரியாக இருக்கும்.

உடற்பயிற்சிக் கூடங்களிலும் வீடுகளிலும் உள்ள மின்னணு எடைக்கருவிகள் சில, ஏறி நின்றவுடன் வளர்சிதைமாற்ற வீதத்தையும் காட்டுகின்றன. இக்கருவிகள் உடலினூடே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடலின் மின்தடையிலிருந்து கொழுப்பின் அளவை மதிப்பிடுகின்றன. பின்னர் அந்த மதிப்பீட்டை ஒரு வாய்பாட்டில் இட்டு வீதத்தைக் கணிக்கின்றன. அவை ஆற்றல் செலவை அளப்பதில்லை. நீர் அருந்தியிருப்பது, வியர்த்திருப்பது ஆகியவற்றாலும் அந்த எண் மாறும்.

இந்தியர்களும் வாய்பாடுகளும்

வாய்பாடு யாரை அளந்து உருவாக்கப்பட்டதோ அவர்களைப் போன்ற உடலமைப்பு உள்ளவர்களுக்கே அது நன்கு பொருந்தும். இதை முதலில் உணர்த்திய ஆய்வுகளுள் ஒன்று சென்னையில் நடந்தது. மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன், ஹாரிஸ்-பெனடிக்ட் வாய்பாட்டை உருவாக்கிய அதே பெனடிக்டுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வீதத்தை அளந்து, 1931இல் முடிவுகளை வெளியிட்டார். மேலைநாட்டு அளவுகோல்கள் காட்டியதைவிட இப்பெண்களின் வீதம் தெளிவாகக் குறைந்திருந்தது.

1985இல் வெளியான ஸ்கோஃபீல்டு வாய்பாடுகள் உலக சுகாதார அமைப்பு, உணவு வேளாண்மை அமைப்பு ஆகியவற்றின் பரிந்துரைகளுக்கு அடிப்படையாயின. 7,000க்கும் மேற்பட்ட அளவீடுகளைக் கொண்ட அந்தத் தொகுப்பில் ஏறக்குறைய பாதி இத்தாலியர்களுடையவை. வெப்பமண்டல மக்களின் வீதத்தை இவ்வாய்பாடுகள் மிகையாகக் கணிப்பதை 1991இல் ஹென்றி, ரீஸ் ஆகியோர் சுட்டிக்காட்டினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010இல் உணவுப் பரிந்துரைகளை வகுத்தபோது, பன்னாட்டு வாய்பாடுகள் தரும் மதிப்பிலிருந்து 5 விழுக்காட்டைக் குறைத்தே இந்தியர்களுக்கான மதிப்பைக் கணக்கிட்டது.

இந்த வேறுபாட்டுக்கு இனம் காரணமா, தட்பவெப்பம் காரணமா என்ற கேள்வி நீண்டகாலம் விவாதிக்கப்பட்டது. இந்தியர், ஆஸ்திரேலியர் ஆகியோரின் தரவுகளை ஒப்பிட்டு 1998இல் வெளியான ஆய்வில், கொழுப்பற்ற எடையையும் கொழுப்பின் எடையையும் கணக்கில் கொண்டபின் இரு தரப்பினருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. ஒரே உயரமும் எடையும் இருந்தாலும் இந்தியர்களின் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாகவும் தசையின் பங்கு குறைவாகவும் இருப்பது வழக்கம். எடையை மட்டும் கேட்கும் வாய்பாட்டுக்கு இது தெரியாது. எனவே கைப்பேசிச் செயலிகள் காட்டும் எண் தெற்காசியர் பலருக்கு உண்மையைவிட உயர்வாக இருக்கக்கூடும்.

அளக்கும் முறை

உடல் வெளியிடும் வெப்பத்தை நேரடியாக அளப்பதற்கு ஆளையே அடைத்து வைக்கும் சிறப்பு அறை தேவை. ஆகவே பெரும்பாலும் மறைமுகக் கலோரி அளவியல் என்ற முறையே கையாளப்படுகிறது. உணவுப்பொருள் எரிய ஆக்சிஜன் தேவை, எரிந்தபின் கார்பன் டைஆக்சைடு வெளிவரும். எவ்வளவு ஆக்சிஜன் பயன்பட்டது, எவ்வளவு கார்பன் டைஆக்சைடு வெளிவந்தது என்று அறிந்தால் எவ்வளவு ஆற்றல் செலவானது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு லிட்டர் ஆக்சிஜன் பயன்பட்டால் ஏறக்குறைய 4.8 கிலோகலோரி ஆற்றல் செலவாகியிருக்கும்.

இதற்கான வாய்பாட்டை 1949இல் வியர் என்பவர் வெளியிட்டார். ஒரு நிமிடத்துக்கான வாயு அளவுகளை லிட்டரில் கொண்டு ஒரு நாளுக்கான செலவு பின்வருமாறு கணக்கிடப்படுகிறது:

(3.941 × ஆக்சிஜன் + 1.106 × கார்பன் டைஆக்சைடு) × 1440

1440 என்பது ஒரு நாளில் உள்ள நிமிடங்களின் எண்ணிக்கை. மேலே கண்ட 32 வயதுப் பெண்ணின் சோதனையில் நிமிடத்துக்கு 0.160 லிட்டர் ஆக்சிஜன் பயன்பாடும் 0.133 லிட்டர் கார்பன் டைஆக்சைடு வெளியீடும் பதிவாயின என்று கொள்வோம். அவரது ஓய்வுநிலை வீதம் ஏறக்குறைய 1120 கிலோகலோரி ஆகும். வாய்பாடு கணித்ததைவிட இது 128 கிலோகலோரி குறைவு.

வெளியிட்ட கார்பன் டைஆக்சைடை, பயன்படுத்திய ஆக்சிஜனால் வகுத்தால் கிடைப்பது சுவாச ஈவு. மாவுச்சத்து மட்டும் எரிந்தால் இது 1.0, கொழுப்பு மட்டும் எரிந்தால் 0.7, புரதத்துக்கு சுமார் 0.8. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இது 0.83. அதாவது அவரது உடல் கொழுப்பையும் மாவுச்சத்தையும் கலந்தே எரித்துக்கொண்டிருந்தது.

சிறிய கையடக்கக் கருவிகள் சில ஆக்சிஜனை மட்டும் அளந்து, சுவாச ஈவை ஒரு நிலையான மதிப்பாக எடுத்துக்கொள்கின்றன. இரு வாயுக்களையும் அளக்கும் கருவிகளில் சுவாச ஈவைக் கொண்டு சோதனையின் தரத்தையும் சரிபார்க்க முடிகிறது.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

சோதனையின் துல்லியத்தில் கருவிக்கு உள்ள பங்கு ஆயத்தத்துக்கும் உண்டு. பொதுவாகப் பின்பற்றப்படும் விதிகள்:

- முந்தைய இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல் காலையில் வருதல். குறைந்தது 7 மணி நேர இடைவெளியாவது தேவை. தண்ணீர் அருந்தலாம்.
- காபி, தேநீர் ஆகியவற்றைக் குறைந்தது 4 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துதல். பால், சர்க்கரை சேர்க்காத கடுங்காபிக்கும் இது பொருந்தும்.
- புகைபிடிப்பதையும் புகையிலை மெல்லுவதையும் இரண்டரை மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துதல்.
- முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சியைத் தவிர்த்தல். சோதனை நாளன்று காலை ஓடுவதோ வேக நடையோ கூடாது.
- காய்ச்சல், சளி போன்றவை இருந்தால் சோதனையை வேறு நாளுக்குத் தள்ளிவைத்தல்.
- உட்கொள்ளும் மருந்துகளை முன்கூட்டியே தெரிவித்தல். மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தக் கூடாது.

நீரிழிவு நோய்க்கு இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், வெறும் வயிற்றில் இருப்பதால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குக் குறையாமல் இருக்க மருத்துவரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே சோதனைக்குச் செல்ல வேண்டும்.

சோதனை நடக்கும் விதம்

சோதனைக்கு வந்தவர் முதலில் 20 முதல் 30 நிமிடம் படுத்தோ சாய்ந்தோ ஓய்வெடுக்கிறார். அறை இரைச்சலின்றி, 22 முதல் 25 டிகிரி செல்சியசு வெப்பநிலையில் இருக்க வேண்டும். குளிரால் உடல் நடுங்கினால் வீதம் உயர்ந்துவிடும். பின்னர் தலையை மூடும் ஒளிபுகும் கவிகை அல்லது முகமூடி பொருத்தப்படுகிறது. வாய்க்குழாயைப் பயன்படுத்தினால் மூக்கை ஒரு கவ்வியால் அடைக்க வேண்டும். வெளிவிடும் காற்று குழாய் வழியே பகுப்பாய்வுக் கருவிக்குச் செல்கிறது. வலி இல்லை, ஊசி இல்லை. மூடிய இடத்தில் அச்சம் கொள்பவர்கள் அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சோதனை நேரத்தில் பேசுதல், கைப்பேசி பார்த்தல், கால் ஆட்டுதல் ஆகியவை கூடாது. தூங்கிவிடவும் கூடாது, ஏனெனில் தூக்கத்தில் வீதம் குறையும். புதிய கருவியின் பதற்றத்தால் மூச்சு மாறுவதால் முதல் 5 நிமிட அளவீடுகள் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. அதன்பின் இரு வாயுக்களின் அளவும் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறி இறங்காமல் சில நிமிடங்கள் நிலைத்து நின்றால், அந்தப் பகுதியின் சராசரியே முடிவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அறிக்கையைப் படித்தல்

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது சுவாச ஈவு. இது 0.67க்குக் கீழோ 1.3க்கு மேலோ இருந்தால் சோதனையில் பிழை உள்ளது என்று பொருள். முகமூடியில் கசிவோ, கருவியின் அளவுத்திருத்தக் கோளாறோ காரணமாக இருக்கலாம். வெறும் வயிற்றில் ஓய்வில் இருப்பவருக்கு இது 1ஐத் தாண்டினால், அவர் பதற்றத்தில் வேகமாக மூச்சு விட்டாரா, உண்டுவிட்டு வந்தாரா என்று கேட்க வேண்டும்.

ஒரே ஆளை ஒழுங்காக ஆயத்தப்படுத்தி வெவ்வேறு நாட்களில் அளந்தாலும் 3 முதல் 5 விழுக்காடு வேறுபாடு இயல்பாகவே வரும். எனவே மூன்று மாதங்களுக்கு முன் 1400 என்றிருந்தது இப்போது 1360 ஆகியிருந்தால் வளர்சிதைமாற்றம் மந்தமாகிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

ஒரு நாளின் மொத்தத் தேவையை அறிய ஓய்வுநிலை வீதத்தை உடலியக்க நிலைக் காரணியால் பெருக்க வேண்டும். பன்னாட்டு அமைப்புகளின் வகைப்பாட்டின்படி, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இக்காரணி 1.40 முதல் 1.69, மிதமான உழைப்பு உள்ளவர்களுக்கு 1.70 முதல் 1.99, கடின உழைப்பாளிகளுக்கு 2.00 முதல் 2.40. முன்பு கண்ட பெண் அலுவலகத்தில் வேலை செய்பவர் என்று கொண்டு 1.5ஆல் பெருக்கினால், வாய்பாட்டு எண்ணின்படி 1872 கிலோகலோரியும் அளவீட்டின்படி 1680 கிலோகலோரியும் வரும். எடை குறைக்க விரும்பி 1700 கிலோகலோரி உண்ணும் அவருக்கு, வாய்பாட்டின்படி எடை குறைந்தாக வேண்டும். அளவீட்டின்படி எடை குறையாது. அவர் உணவுக் கட்டுப்பாட்டை மீறுகிறார் என்று உணவியலாளர் ஐயுற்றிருந்தால், பிழை அவரிடம் இல்லாமல் கணக்கில் இருந்திருக்கும்.

மருத்துவப் பயன்கள்

இச்சோதனையின் பயன் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. செயற்கைச் சுவாசக் கருவியில் இருக்கும் நோயாளி பசியைச் சொல்ல முடியாது. அவருக்குக் குழாய் வழியே செலுத்தும் உணவு தேவையைவிடக் குறைந்தால் தசை கரைந்து, சுவாசத் தசைகளும் வலுவிழக்கும். மிகுந்தால் இரத்தச் சர்க்கரை உயர்ந்து, கல்லீரலில் கொழுப்பு படிந்து, கூடுதலாக உருவாகும் கார்பன் டைஆக்சைடை வெளியேற்ற நுரையீரல் திணறும். காய்ச்சல், தொற்று, மயக்க மருந்துகள் ஆகியவற்றால் இவர்களின் வீதம் நாளுக்கு நாள் மாறுவதால் வாய்பாடுகள் பெரிதும் பிழைபடுகின்றன. எனவே வசதி இருக்கும் இடங்களில் மறைமுகக் கலோரி அளவியலைப் பயன்படுத்துமாறு ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் பரிந்துரைக்கிறது. நோயாளிக்கு 60 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் செலுத்தப்படும்போதும், சுவாசக் குழாயில் கசிவு இருக்கும்போதும் இந்த அளவீட்டை நம்ப முடியாது.

தீக்காயம், புற்றுநோய், கடும் மெலிவு, உடல் பருமன் ஆகியவற்றுக்கான சிகிச்சையிலும், விளையாட்டு வீரர்களின் உணவுத் திட்டத்திலும் இச்சோதனை பயன்படுகிறது. ஆரோக்கியமான ஒருவர் உடல்நலத்தைப் பேணுவதற்கு இது கட்டாயம் அன்று. சில வாரங்கள் உணவையும் உடல் எடையையும் ஒழுங்காகக் குறித்துவந்தாலே தம் தேவை எவ்வளவு என்பதை அவர் ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

எடைக் குறைப்பும் உடலின் தகவமைப்பும்

உணவு வெகுவாகக் குறைந்தால் உடல் தன் செலவையும் குறைத்துக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்தனர். அவர்களின் எடை சுமார் நான்கில் ஒரு பங்கும், அடிப்படை வீதம் சுமார் 40 விழுக்காடும் குறைந்தன. இக்குறைவில் ஒரு பகுதி தசையும் உறுப்புகளும் சுருங்கியதால் ஏற்பட்டது. மற்றொரு பகுதி, எஞ்சிய திசுக்களே சிக்கனமாக இயங்கத் தொடங்கியதால் ஏற்பட்டது. இந்தச் சிக்கனமே வளர்சிதைமாற்றத் தகவமைப்பு எனப்படுகிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரைப் போட்டி முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் கெவின் ஹால் குழுவினர் சோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். இழந்த எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பிவிட்டது. ஆயினும் அவர்களின் ஓய்வுநிலை வீதம், அவர்களின் உடலமைப்புக்கு எதிர்பார்க்கப்பட்டதைவிடச் சராசரியாக நாளுக்கு 500 கிலோகலோரி குறைவாகவே இருந்தது. மிக வேகமான, மிகையான எடைக் குறைப்புக்கு உரிய முடிவு இது. மிதமாக எடை குறைப்பவர்களுக்கு இவ்வளவு பெரிய மாற்றம் நேர்வதில்லை. இருப்பினும் எடை குறைந்தபின் பழைய கணக்கையே வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை இது காட்டுகிறது. உடல் சிறுத்தால் அதன் தேவையும் சிறுக்கும்.

பரவலான தவறான கருத்துகள்

பருமனானவர்களின் வளர்சிதைமாற்றம் மந்தமானது: பெரிய உடலுக்குப் பெரிய உறுப்புகளும் கூடுதல் கொழுப்பற்ற எடையும் இருப்பதால், பருமனானவர்களின் மொத்த ஓய்வுநிலை வீதம் மெலிந்தவர்களைவிடப் பொதுவாக உயர்வாகவே இருக்கும்.

தசை வளர்த்தால் உட்கார்ந்த இடத்திலேயே கொழுப்பு கரையும்: ஒரு கிலோகிராம் தசை ஓய்வில் செலவிடுவது நாளுக்கு 13 கிலோகலோரி மட்டுமே. தசைப் பயிற்சியால் வலிமை, எலும்பு உறுதி, சர்க்கரைக் கட்டுப்பாடு எனப் பல நன்மைகள் உண்டு. ஓய்வுநிலை வீதத்தில் அதனால் வரும் உயர்வு சிறியது.

வளர்சிதைமாற்றத்தைத் தூண்டும் உணவுகள் எடையைக் குறைக்கும்: மிளகாய், பச்சைத் தேநீர், காபி ஆகியவை வீதத்தைச் சிறிதளவு, சிறிது நேரத்துக்கே உயர்த்துகின்றன. இதை வைத்து விற்கப்படும் பொடிகளும் மாத்திரைகளும் தரும் வாக்குறுதிக்கு இந்த உயர்வு ஈடாகாது. தைராய்டு குறைபாடு இல்லாதவர்கள் எடை குறைக்கத் தைராய்டு மாத்திரை உட்கொள்வது இதயத்துக்கு ஆபத்தானது.

வீதம் குறைவாக இருந்தால் தைராய்டு கோளாறு: தைராய்டு கோளாற்றை உறுதிசெய்யும் சோதனை டி.எஸ்.எச். உள்ளிட்ட இரத்தப் பரிசோதனை. ஓய்வுநிலை வீதத்தை மட்டும் கொண்டு அதை முடிவு செய்ய முடியாது. சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், காரணமில்லா எடைக் கூடுதல் போன்ற அறிகுறிகள் இருந்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

ஓய்வுநிலை வீதமே ஒரு நாளைய உணவின் அளவு: இந்த எண் அசையாமல் கிடக்கும் உடலின் செலவு மட்டுமே. எழுந்து நடமாடும் ஒருவரின் தேவை இதைவிட எப்போதும் கூடுதல். மருத்துவக் கண்காணிப்பின்றி நீண்ட நாட்கள் இதற்குக் கீழே உணவைக் குறைப்பது தசை இழப்புக்கும் சத்துக்குறைவுக்கும் வழிவகுக்கும்.